தேங்காய்ச் சடுகுடுவில் எத்தனை ஆள்

நம் தெருப் பையன்கள் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு நான் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறினேன் என்று ஆளாளுக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறீர்கள். கோபமா, எவனாவது ஏதாவது சொன்னானா, கட்சிப் பிரச்சினையா என்றெல்லாம். அதெல்லாம் ஒன்றுமில்லை. ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோர்வையாக வராது. நீங்களும் பாதியிலேயே "சரி விடுறா" என்று ஆறுதல் சொல்லக் கிளம்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். ஐம்பதைத் தொடப்போகிறவர்கள்தானே நாம், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் தெருவில் ஓடிய அந்த அமெரிக்கப் பந்தாட்ட வீடியோ கேமைப் பற்றிக் குரூப்பில் நீங்கள் போட்ட சண்டைக்கு முன்னால் சட்டசபை பிச்சை வாங்க வேண்டும். சிவப்புச் சட்டை வலப்பக்கமா இடப்பக்கமா, இடைவேளையில் பெண்கள் ஆடினார்களா இல்லை வாத்தியக்காரர்கள் மட்டும் வந்தார்களா, தரை பச்சையா மஞ்சளா. தரை பச்சைதான். வீட்டுக்கார மாமாவின் டிவியில் எந்தப் பச்சையும் வேகவைத்த பாசிப்பயறு நிறத்தில்தான் தெரியும். பெண்கள் ஆடினார்களா என்பது ஒருவனுக்கும் சரியாக நினைவிருக்க வாய்ப்பில்லை. இடைவேளை வந்ததும் அத்தை வந்துவிடுவாரோ என்று எல்லோரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஒரு பக்கத்துக்கு எத்தனை ஆள் என்பதில் வந்து நின்றீர்கள். பாதிப் பேர் ஒன்பது, பாதிப் பேர் எட்டு. அந்த இடத்தில் வந்த ஒரு பதிலைப் படித்துவிட்டுத்தான் நான் வெளியேறினேன்.

இதை நம் பிள்ளைகள் யாராவது படிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்து அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ஊரில் அப்பா அடுத்தவர் காட்டில் கூலி. டவுனில் நூல் மில்லில் ஷிப்ட் வேலை கிடைத்ததும் எங்களைக் கூட்டிவந்து ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பின்கட்டில் குடிவைத்தார். முன்கட்டில் வீட்டுக்கார மாமா, அத்தை, அவர்களுடைய மகன். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அத்தைக்குக் கோபம் வந்தால் மட்டும் வாசலிலும் தெலுங்குதான். அந்த மகனை உங்கள் எல்லோருக்கும் தெரியும், குரூப்பின் அட்மினே அவன்தான். கேசட் அவனுடையது என்பதால் கேசட்டுக்காரன் என்று பேர் வைத்தோம். இப்போதும் என் ஃபோனில் அவன் பேர் அதுதான்.

அந்தக் கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து வந்த அவன் சித்தப்பா ஒரு சாம்பல் நிறப் பெட்டி, வயர் தொங்கும் இரண்டு ரிமோட்டு, ஒரே ஒரு கேசட் கொண்டுவந்தார். கேசட்டின் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. இரும்புக் கூண்டு வைத்த தொப்பியோடு ஒருவன் ஓடுகிற படம் மட்டும் மிச்சம். ஆட்டத்தின் பேர் என்னவென்று அன்றைக்கு எவனுக்கும் தெரியாது. இன்றைக்குக் கூகுளைப் பார்த்துவிட்டுத் தெரியும் தெரியும் என்று குதிக்கிறீர்கள்.

அது என்ன விளையாட்டு என்றே யாருக்கும் புரியவில்லை. ஃபுட்பால் என்கிறார்கள், ஒருவனும் காலால் உதைக்கக் காணோம். பந்தும் உருண்டையாக இல்லை. இரண்டு கூட்டமும் எதிரெதிரே குனிந்து கையை ஊன்றி நிற்கிறார்கள், ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், மற்றவர்கள் விழுந்து அமுக்குகிறார்கள். ஒரு நாள் முழுக்க நாங்கள் விழித்துக்கொண்டிருந்தோம். மூலையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த என் அக்காதான் ராட்டையை விட்டு எழுந்துவந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏலே, இது சடுகுடுலே. தேங்காயத் தூக்கிட்டுப் பாடிப் போறான். அவுக புடிக்காக. அம்புட்டுத்தான்."

அவ்வளவுதான், பூட்டுத் திறந்துகொண்டது. கோட்டைத் தொட்டால் பழம், அதாவது பாயிண்ட். ஒரு தடவைக்கு நாலு வாய்ப்பு தருகிறான் இல்லையா, அதற்கு நாலு பாட்டு என்று பேர். பாட்டு முடிவதற்குள் கொஞ்ச தூரம் போகவில்லை என்றால் தேங்காய் எதிர்ப்பக்கத்துக்கு. ஒரு கூட்டத்தில் ஒருவன் இருந்தான், தேங்காய் கையில் விழுந்துவிட்டால் எவனாலும் பிடிக்க முடியாது, நேராகக் கோட்டில் போய்த்தான் நிற்பான். அவனுக்குப் பாயிண்ட் டு பாயிண்ட் என்று பேர் வைத்தாள் அக்கா. மதுரை போகிற பஸ்ஸு காரியாபட்டியில்கூட நிற்காமல் போகுமே, அந்த மாதிரி. எதிர்ப்பக்கத்தில் எல்லோருக்கும் பின்னால் தூரத்தில் ஒற்றையாக ஒருத்தன் நிற்பான். கூட்டத்தைத் தாண்டி எவன் வந்தாலும் கடைசியாகப் பாய்ந்து அமுக்குவது அவன்தான். அவன் பேர் காவல்காரன். ஊரில் அப்பா அடுத்தவர் கடலைக் காட்டுக்குக் காவல் போனதைப் பார்த்தவள் வைத்த பேர் அது.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. எனக்குப் பத்து. அத்தையின் தறிக்குக் கண்டு சுற்றித் தருவாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுவதுதான் அது. கூடை நிறையச் சுற்றி முடித்தால்தான் ஆட்டத்தில் உட்காரலாம் என்பது அத்தையின் சட்டம். அதனால் அவள் விளையாடிய நேரத்தைவிட ராட்டையிலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்த நேரம் அதிகம். அப்படிப் பார்த்தே ஆட்டம் முழுவதையும் தலைக்குள் ஏற்றிவைத்திருந்தாள். பின்கட்டு சிமெண்டுத் தரையில் கரியால் கோடு போட்டு, ஒரு பக்கத்துக்குப் புளியங்கொட்டை, மறுபக்கத்துக்கு வேப்பங்கொட்டை அடுக்கி எங்களுக்குப் பாடம் எடுப்பாள்.

"முன்னால நாலு பேரு. அவனுகளுக்குப் பின்னால ரெண்டு. மேல ஓரத்துல ஒருத்தன், கீழ ஓரத்துல ஒருத்தன். கடைசியா காவக்காரன். ஒம்பது. இதைக்கூட மனசுல வைக்க முடியலன்னா நீயெல்லாம் என்னத்துக்குலே பள்ளியோடம் போற?"

இப்போதும் வேப்பம்பழம் உதிரும் மாதத்தில் தெருவில் நடந்தால் காலடியில் கொட்டை நொறுங்குகிற சத்தம் கேட்டதும் ஒதுங்கி நடப்பேன். உங்களுக்கு அந்த ஆட்டம் என்றால் டிவி நினைவுக்கு வருகிறது. எனக்குக் கரிபடிந்த அவள் விரல்தான்.

அக்கா எப்போதும் இரண்டாவது ரிமோட்டுதான் எடுப்பாள். முதலாவது கேசட்டுக்காரனுக்கு, சொத்துரிமை. இரண்டாவது ரிமோட்டுக்காரர் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஓட வேண்டும். ஆக அவளைத் தடுக்கும் கூட்டம் இடப்பக்கம், காவல்காரன் இடது ஓரத்தில்.

முதல் சில வாரம் அவளை அடிக்க ஆளில்லை. காவல்காரனை முன்கூட்டியே பார்த்து ஒதுங்கி, கீழே இறங்கி, அவன் திரும்புவதற்குள் போய்விடுவாள். பிறகு, எந்த நாளிலிருந்து என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவனிடம் நேராகப் போய் விழ ஆரம்பித்தாள். தெரியாமல் ஒரு தடவை விழலாம். ஒவ்வொரு தடவையும் விழுந்தாள். விழுந்ததும் சண்டை பிடிப்பாள்.

"அவன் அங்க இல்லவே இல்லலே. திடீர்னு வாரான். கேசட்ட என்னமோ பண்ணிட்ட நீயி."

"நான் என்ன பண்ணேன்? கண்ணு முன்னாடி நிக்கான்க்கா. குருட்டுக் கோழி மாதிரி முட்டுற."

"ஒங்க டிவிதான் சரியில்ல. ஓரம் தெரிய மாட்டேங்குது."

டிவி சரியில்லை என்றால் நாங்கள் நம்புவோம்தானே. அது மாமா யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பெட்டி. தட்டினால்தான் படம் வரும், மழைக்காலத்தில் படம் குலுங்கும். இரண்டு வாரம் இவள் ஓரம் தெரியவில்லை தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி, மாமாவுக்கும் ஓரம் தெரியாத மாதிரியே ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து டிவி மெக்கானிக்கை வரவழைத்தார்.

அவர் பின்பக்க அட்டையைக் கழற்றி, வாயில் டெஸ்டரைக் கவ்விக்கொண்டு என்னென்னவோ திருகினார். உள்ளிருந்து சூடான தூசி வாடை வந்தது. திருகித் திருகி இருந்ததையும் கெடுத்துவிட்டுப் போனார். அதுவரை முழுசாக இருந்த படம் இடப்பக்கம் நகர்ந்து, இடது ஓரம் கொஞ்சம் பெட்டிக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பாட்டுப் போடும்போது படத்தின் பேரில் முதல் எழுத்து இருக்காது. மாமா தினம் புலம்புவார், "காசும் போச்சு, எழுத்தும் போச்சு." நாங்கள் சிரிப்போம். எழுத்தில்லாத படப் பேரை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று அதையும் ஒரு விளையாட்டாக்கினோம். நினைவிருக்கிறதா உங்களுக்கு? அதை நன்றாக நினைவில் வையுங்கள்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் வீட்டில் கவனித்தார்கள். குடம் தூக்கி வரும்போது இடப்பக்கத் தூணில் இடித்துக் குடம் நசுங்கியது. அத்தையின் தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடச் சொன்னால் வலப்பக்கம் முடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள், இடப்பக்கம் அறுந்தது அப்படியே தொங்கும். சந்தை முக்கில் இடப்பக்கமிருந்து வந்த சைக்கிளில் மோதி முழங்கை கிழிந்தது. காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. டிவி கேம் விளையாடிக் கண் கெட்டுவிட்டது. அத்தை சொன்னார், மாமா சொன்னார், நம் வாத்தியார்கூடச் சொன்னார். அப்பாவுக்கு மறுபேச்சே இல்லை. "கண்ணு சரியாகுற வரைக்கும் முன்கட்டுப் பக்கம் போகக் கூடாது. போனன்னு தெரிஞ்சா காலை ஒடிச்சிருவேன்." அப்பா அடிக்கிற ஆள் இல்லை. அவர் குரல் உயர்ந்ததே எங்களுக்குப் பெரிய அடி.

கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தாள். கண்ணு நல்லா இருக்கு, கண்ணாடி வேண்டாம், டிவி பார்ப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார் கடைக்காரர். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். இதைவிட அவர்களுக்கு என்ன தெரியும்? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், எனக்கு அவர்கள் மேல் கோபமே வர மாட்டேன் என்கிறது. வந்தாலாவது கொஞ்சம் ஆறும்.

முன்கட்டில் ஆட்டம் ஓடும் சத்தம் பின்கட்டுக்குக் கேட்கும். விசில் சத்தம், பிறகு ஆட்கள் மோதுகிற அந்தச் சரசரப்பு. அக்கா சுவரோரம் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே சொல்வாள், "இப்பக் காவக்காரன் புடிச்சிட்டான்." சரியாக இருக்கும். சோறு சரியாகச் சாப்பிட மாட்டாள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் பின்னாலேயே போவாள்.

"அப்பா, கண்ணு இப்ப நல்லாத் தெரியுதுப்பா."

"நெசமாவா தாயி?"

"நெசமாப்பா. வேணும்னா ஆட்டத்தப் போட்டுச் சோதிச்சுப் பாருங்க."

ஆடி பிறந்திருந்தது. அப்பா அவளை முன்கட்டுக்குக் கூட்டிப்போனார். மில்லிலிருந்து வந்த கோலம், தலைமயிரெல்லாம் பஞ்சு. நீங்கள் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். மாமா தறியை நிறுத்திவிட்டு வந்தார். கேசட்டுக்காரன் ஆட்டத்தைப் போட்டான். இரண்டு கூட்டமும் எதிரெதிரே வந்து குனிந்து நின்றது. அந்த இடத்தில் அப்படியே நிறுத்திவைக்கச் சொன்னார் அப்பா. அக்காவை வலப்பக்கம் அவளுடைய வழக்கமான இடத்தில் உட்காரவைத்து, பின்னால் நின்று தோளில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"இடப்பக்கம் யார் யார் எங்க நிக்காகன்னு சொல்லு தாயி. அவசரமில்ல, பாத்துச் சொல்லு."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முன்னால நாலு பேரு கையை ஊனி நிக்காக. பின்னால ரெண்டு. மேல ஓரத்துல ஒருத்தன். கீழ ஓரத்துல ஒருத்தன். அங்க, கடைசில, தூரத்துல ஒத்தையாக் காவக்காரன் நிக்கான். ஒம்பது பேருப்பா."

அப்பா கேசட்டுக்காரனைப் பார்த்தார். "சரியா தம்பி?"

"கரெக்டு மாமா. ஒம்பதுதான்."

நாமெல்லாம் கை தட்டினோம். அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்போதே கடைக்குப் போய்க் காராச்சேவு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். அக்கா அன்று இருட்டும் வரைக்கும் விளையாடினாள். ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றாள். யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை, ரொம்ப நாள் கழித்து உட்கார்ந்தவள்தானே.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போய்க் கண்மலர் சாத்திவிட்டு வந்தோம். கூட்டத்தில் அம்மாவின் சேலை முந்தியை அக்கா கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இவ்வளவு பெரியவள் இப்படிக் கட்டிக்கொண்டு நடக்கிறாளே என்று அம்மாகூடச் சிரித்தாள்.

புரட்டாசியில் ஒரு காலை வாந்தி எடுத்து, வாசலிலேயே விழுந்துவிட்டாள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் தலைக்குள் கட்டி. கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண் பார்த்ததை வாங்கிக்கொள்கிற இடத்தைக் கட்டி அமுக்கியிருக்கிறது, அதனால் எதைப் பார்த்தாலும் இடப்பக்கப் பாதி அவளுக்கு இல்லாமல் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாளாக இடப்பக்கம் தெரியவில்லை என்று கேட்டார். அப்பா சொன்னார், "நடுவுல கொஞ்சம் கோளாறா இருந்துச்சு சார். ஆடியில நல்லாயிருச்சு. நானே சோதிச்சுப் பாத்தேன். ஓரத்துல நின்னவன் வரைக்கும் சொன்னா."

டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். ஆடியில் நன்றாகத் தெரிந்தது என்றால் இது அதற்குப் பிறகு ஓட்டமாக வளர்ந்த கட்டி, இப்படிப்பட்டதற்கு நீங்கள் முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா அதைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். தீபாவளிக்கு முன்னால் அக்கா போய்விட்டாள். ஊரில், திருச்சுழிப் பக்கம், காட்டுப் பாதை ஓரத்தில் அடக்கம் செய்தோம்.

அந்த டாக்டர் சொன்ன வார்த்தைதான் அப்பாவை இத்தனை வருஷம் நடக்கவைத்தது. அம்மா இறந்தபோதும், என் கல்யாணத்திலும், என் மகளுக்கு அக்கா பேரை வைத்தபோதும் அதைத்தான் சொன்னார். ஆடியில் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, ஒம்பது பேரையும் சொன்னா, அதுக்குப் பெறகு வந்த நோய், நாம என்ன செய்ய முடியும். நானும் அதை நம்பினேன். நம்பித்தான் படித்தேன், வேலைக்குப் போனேன், உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

இனி உங்கள் குரூப்புக்கு வருகிறேன். எட்டா ஒன்பதா என்று அடித்துக்கொண்டிருந்தபோது கேசட்டுக்காரன் ஒரு வீடியோ போட்டான், யாரோ வெளிநாட்டுக்காரன் அதே ஆட்டத்தை விளையாடியது. எண்ணிப் பார்த்தால் ஒன்பது. எட்டு என்றவர்கள் தோற்றுப்போனார்கள். கேசட்டுக்காரன் பெரிய மனதோடு அவர்களுக்கும் ஒரு சமாதானம் எழுதினான். அவன் எழுதியது அப்படியே எனக்கு மனப்பாடம்.

"எட்டுன்னு சொன்னவங்களும் தப்பு இல்ல. மெக்கானிக் வந்துட்டுப் போன பெறகு எங்க வீட்டு டிவியில இடது ஓரம் வெட்டிரும்ல. ஆட்டம் ஆரம்பிக்கிற எடத்துல காவக்காரன் தெரியவே மாட்டான். ஓடிக் கிட்டப் போனாத்தான் வருவான். அதனால பாத்தவங்களுக்கு எட்டுதான்."

அதன் கீழே நீங்கள் எல்லோரும் சிரிக்கிற முகம் போட்டிருந்தீர்கள். ஆமாடா, முதல் எழுத்து இல்லாத படம் என்று நினைவுபடுத்திக்கொண்டிருந்தீர்கள்.

நான் மொட்டைமாடியில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மெக்கானிக் வந்தது கோடையில். அப்பா சோதித்துப் பார்த்தது ஆடியில். அன்றைக்கு அந்தப் பெட்டியில் காவல்காரன் இல்லை. நல்ல கண் உள்ள எவன் பார்த்திருந்தாலும் எட்டு என்றுதான் சொல்லியிருப்பான். அக்கா ஒன்பது என்றாள்.

அவள் டிவியைப் பார்த்துச் சொல்லவில்லை. சிமெண்டுத் தரையில் அடுக்கிய கொட்டைகளை மனதுக்குள் பார்த்துச் சொன்னாள். கேசட்டுக்காரன் கரெக்டு என்றானே, அவனும் டிவியைப் பார்க்கவில்லை. ஆட்டம் அவனுக்கும் மனப்பாடம். நாம் கை தட்டினோமே, நமக்கும் மனப்பாடம், அவள் நடத்திய பாடம்தானே. அப்பாவுக்கு ஆட்டமே தெரியாது, அவர் அவளுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வீடு நிறைய ஆட்கள், நடுவில் டிவி, அதைப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை.

ஆட்டம் வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே ஒப்பித்தாளா, இல்லை மனதில் தெரிந்ததைக் கண்ணில் தெரிந்ததாக அவளே நம்பினாளா, அது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் இப்போது படுக்கப்போகிறேன், எழுந்திருக்கிறேன். அவள் கண் ஆடியில் சரியாகவில்லை. கோடையிலிருந்து புரட்டாசி வரைக்கும் அந்தக் கட்டி நிதானமாக வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. ஆடியிலேயே மதுரைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். என் அக்கா எனக்கு இரண்டாவது தடவை செத்துப்போனாள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கேசட்டுக்காரனுக்கு ஒரு வார்த்தை. உன்மேல் எனக்கு ஒன்றுமில்லைடா. நீ சொன்னது கரெக்டுதான். ஆட்டத்தில் ஒன்பது பேர்தான். இதைப் படித்துவிட்டு நீ ராத்திரி ஃபோன் போடாதே, நாளைக்கு நானே கூப்பிடுகிறேன்.

அன்று நான் குரூப்பைவிட்டு வெளியேறி, மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இப்போது என்னோடுதான் இருக்கிறார். கண்புரை எடுத்த பிறகு பார்வை பரவாயில்லை. காலையிலிருந்து நான் குரூப்பில் ஒன்பது எட்டு என்று வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"என்னப்பா, அந்த டிவி வெளயாட்டையா பேசுறீக?"

"ஆமாப்பா."

"எத்தனை பேருன்னு சண்டை?"

"சண்டை முடிஞ்சிருச்சுப்பா. ஒம்பதுதான். வீடியோவே வந்திருச்சு."

காட்டு என்று கையை நீட்டினார். காட்டாமல் இருக்க ஒரு காரணமும் என்னால் யோசிக்க முடியவில்லை. வீடியோவை ஓடவிட்டு, இரண்டு கூட்டமும் குனிந்து நிற்கிற இடத்தில் நிறுத்திக் கொடுத்தேன். ஃபோனை முகத்துக்கு அருகில் வைத்து, நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினார். முன்னால் நாலு, பின்னால் இரண்டு, மேலே, கீழே. இடது ஓரத்தில் ஒற்றையாக நின்றவன்மேல் விரலை வைத்தார்.

"இந்தா, இவனைத்தான சொன்னா. தூரத்துல ஒத்தையா நிக்கான்னு."

"ஆமாப்பா."

"நானும் பாத்தேன்ல அன்னைக்கு. அவ சொல்லச் சொல்ல, அவ தலைக்கு மேல எட்டி டிவியப் பாத்தேன். இதே எடத்துலதான் நின்னான்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆமாப்பா, அங்கதான் நின்னான்" என்றேன். அவர் விரலை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.